விரிதாள் கணக்குகளில் ஒழுங்கான இடைவெளியில் வரிகளை நீக்கும் முறை

கிராமக் கணக்குகளும் பண்ணைக் கணக்குகளும் காகிதப் பதிவேட்டிலிருந்து கணினியின் விரிதாளுக்கு மாறி வருகின்றன. சாகுபடிதாரர் பட்டியல், பயிர்ச் சேத விவரம், மழை அளவு, கிணற்று நீர்மட்டம், பால் கொள்முதல் முதலிய பலவும் இன்று விரிதாளிலேயே எழுதப்படுகின்றன. இவ்வாறு எழுதப்படும் கணக்குகளில், குறித்த இடைவெளிக்கு ஒரு வரியாக வேண்டாத வரிகளை நீக்க வேண்டிய அவசியம் அடிக்கடி நேரிடுகிறது. இது பார்வைக்கு மிகச் சிறிய வேலை. ஆயினும் கவனக்குறைவாகச் செய்யப்பட்டால், நிவாரணத்துக்கு உரிய ஒரு குடியானவரின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துபோகவும், பெய்த மழை பெய்யாததாகக் கணக்கில் ஏறவும் இடமுண்டு. ஆகையால் இவ்வேலையைப் பிழையின்றிச் செய்யும் முறையை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம்.

விரிதாள் என்பது

விரிதாள் என்பது நாம் பழகிய அடங்கல் பதிவேட்டைப் போன்றதே. குறுக்கே செல்வது வரி. மேலிருந்து கீழே இறங்குவது கலம். இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம். வரிகளுக்கு 1, 2, 3 என்று எண்களும், கலங்களுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துக்களும் அடையாளமாக உள்ளன. ஆகவே டி2 என்றால் டி என்னும் கலத்தின் இரண்டாம் வரியிலுள்ள கட்டம் என்று பொருள்.

காகிதப் பதிவேட்டுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் ஒன்று உண்டு. காகிதத்தில் ஒரு வரியை அடித்தால் அடித்த கோடு நிற்கும். பின்னர் வருபவர் அதைக் கண்டு காரணம் கேட்கலாம். விரிதாளில் ஒரு வரியை நீக்கினால் கீழுள்ள வரிகள் யாவும் ஒரு படி மேலேறி அவ்விடத்தை மூடிக்கொள்ளும். அங்கே ஒரு வரி இருந்தது என்பதற்குத் தாளில் எந்த அடையாளமும் இராது. இக்கட்டுரையில் கூறப்படும் எச்சரிக்கைகள் யாவும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறப்பவை.

எச்சந்தர்ப்பங்களில் நீக்க நேரிடும்

முதலாவது, அச்சிட்ட பட்டியலைக் கணினியில் ஏற்றும்பொழுது ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் பக்க மொத்தமும் வரிகளாக உள்ளே வந்துவிடும். இவற்றை நீக்காவிடில் கூட்டுத்தொகை தவறாகும். பக்க மொத்தங்கள் முன்பக்கத் தொகையைக் கொண்டுவராமல் அந்தந்தப் பக்கத்துக்கு மட்டும் உரியவையாயின், அவற்றையும் சேர்த்துக் கூட்டும்போது பரப்பு சரியாக இரு மடங்காகத் தோன்றும்.

இரண்டாவது, தானியங்கிக் கருவிகள் தேவைக்கு மேற்பட்ட பதிவுகளைத் தருகின்றன. 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு செய்யும் கருவி ஒரு நாளைக்கு 96 வரிகளும், 30 நாள் கொண்ட மாதத்துக்கு 2,880 வரிகளும், ஓராண்டுக்கு 35,040 வரிகளும் எழுதுகிறது. மணிக்கு ஒரு பதிவு போதுமென்று கருதினால், நான்கு வரிகளில் ஒன்றை வைத்து மூன்றை நீக்க வேண்டும். அப்போது ஆண்டுக்கு 8,760 வரிகளே மிஞ்சும்.

மூன்றாவது, வேறிடத்திலிருந்து பெற்ற கோப்புகளில் ஒன்றுவிட்டு ஒரு வரி வெறுமையாக இருப்பதுண்டு.

கையால் நீக்குவதிலுள்ள தொல்லை

ஐம்பது வரிகளுக்கு உட்பட்ட கணக்கில் ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்கலாம். அதற்கு மேற்பட்டால் கை தவறும். ஒரு வரியை நீக்கியவுடன் கீழுள்ள வரிகளின் எண்கள் மாறிவிடுவதே இதற்குக் காரணம். 10, 20, 30 ஆகிய மூன்று வரிகளை நீக்க எண்ணியவர், பத்தாவதை நீக்கியதும் பழைய இருபதாவது வரி பத்தொன்பதாவதாகிவிடுகிறது. அவர் அடுத்தபடியாக இருபதாம் எண்ணைத் தொட்டால் பழைய இருபத்தொன்றாவது வரி அழியும். கையால் நீக்கியே தீரவேண்டுமாயின் கடைசி வரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வருதல் வேண்டும். அப்படிச் செய்தால் இன்னும் தொடாத மேல் வரிகளின் எண்கள் மாறமாட்டா. நீக்குவதற்கு ஆணைத்தொடர் எழுதித் தருவோரும் இதே காரணத்தால் கீழிருந்து மேலாகவே எழுதுவர்.

மீதியைக் கொண்டு அடையாளமிடும் முறை

பெரிய கணக்குகளுக்கு ஏற்றது, முதலில் அடையாளமிட்டு, பின் பார்த்து, அதன்பின் பிரிக்கும் முறையாகும். இதற்கு ஆரம்பப் பள்ளியில் கற்ற வகுத்தல் கணக்கே போதும். ஓர் எண்ணை வகுத்தால் ஈவும் மீதியும் கிடைக்கும். 1, 2, 3 என்று ஏறிச்செல்லும் எண்களை 4-ஆல் வகுத்தால் மீதியாக 1, 2, 3, 0 என்பவை மாறாமல் திரும்பத் திரும்ப வரும். மீதி 0 உள்ள வரிகள் யாவும் நான்காவது வரிகளே.

முதல் வரியில் தலைப்பும், இரண்டாம் வரி முதல் விவரங்களும், ஏ முதல் சி வரை மூன்று கலங்களும் உள்ள தாளில் கீழ்க்கண்டவாறு செய்க. (சூத்திரங்களை விரிதாளில் ஆங்கில எழுத்திலேயே இடவேண்டும். இங்கு அவ்வெழுத்துக்களின் உச்சரிப்பு தரப்பட்டுள்ளது.)

1. அசல் கோப்பைத் தொடாமல் வைத்து, அதன் பிரதி ஒன்றை வேறு பெயரில் எடுத்துக்கொள்க. இனிச் செய்வன யாவும் பிரதியிலேயே செய்யத்தக்கவை.

2. டி கலத்தில் இரண்டாம் வரியிலிருந்து 1, 2 என்று தொடங்கி இறுதி வரை வரிசை எண் இடுக. விரிதாள் தானே வரிகளுக்கு எண் தருகிறதே என்று இதை விட்டுவிடலாகாது. விரிதாளின் எண் வரிகளை நீக்கும்போதும் மாற்றி அடுக்கும்போதும் மாறும். நாம் இட்ட எண் மாறாது. எந்த வரி எங்கிருந்தது என்று பின்னர் அறிவதற்கு இதுவே சாட்சி.

3. இ கலத்தின் இரண்டாம் கட்டத்தில் சமன்குறி இட்டு, எம், ஓ, டி என்னும் மூன்று எழுத்துக்களை எழுதி, அடைப்புக்குள் டி2, காற்புள்ளி, 4 என்று இடுக. இது டி2-இல் உள்ள எண்ணை 4-ஆல் வகுத்து மீதியைத் தரும். இடைவெளி ஐந்தாயின் 5 என்றும், இருபத்தாறாயின் 26 என்றும் இடுக.

4. அக்கட்டத்தைக் கீழே கடைசி வரி வரை படியெடுக்க. இடையில் நின்றுவிடாமல் கடைசி வரியை அடைந்ததா என்று பார்த்துக்கொள்க.

5. ஏ முதல் இ வரை எல்லாக் கலங்களையும் தேர்ந்து, வடிகட்டி என்னும் வசதியை இயக்கி, இ கலத்தில் வேண்டிய மீதியை மட்டும் காட்டச் செய்க. ஏனைய வரிகள் மறையுமேயன்றி அழியமாட்டா.

6. கண்ணுக்குத் தெரியும் வரிகளைப் படியெடுத்துப் புதிய தாளில் ஒட்டுக.

ஆறாவது படியைக் கவனிக்க. வேண்டாதவற்றை அழிப்பதற்குப் பதிலாக வேண்டியவற்றை வேறு தாளுக்கு எடுத்துக்கொள்வதே உசிதம். விதை நெல்லைப் புடைக்கும்பொழுது பதரை உடனே காற்றில் விடாமல் ஒரு பக்கம் குவித்துவைத்து, நல்ல மணி கலந்திருக்கிறதா என்று கையால் அளைந்து பார்ப்பதைப் போன்றது இது.

பட்டியல்களில் நேரக்கூடிய பிழை

இடைவெளி விதி ஒரு வரியை அதன் இடத்தைக் கொண்டே நீக்குகிறது. அதில் எழுதியிருப்பது என்ன என்று பார்ப்பதில்லை. ஆகவே இடைவெளி ஓரிடத்தில் பிசகினாலும் அதன் பின் வருவன எல்லாம் பிசகிவிடும். இதை ஓர் உதாரணத்தால் காண்போம்.

பக்கத்துக்கு 25 பெயர்களும் அதன்கீழ் ஒரு பக்க மொத்தமும் கொண்ட சாகுபடிதாரர் பட்டியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர்கள் 212. எட்டுப் பக்கங்கள் நிறைந்து, ஒன்பதாம் பக்கத்தில் 12 பெயர்கள் உள்ளன. மொத்த வரிகள், பக்க மொத்தங்கள் ஒன்பதையும் சேர்த்து, 221. இருபத்தாறாவது வரிதோறும் நீக்குக என்று விதி செய்தால் எட்டுப் பக்க மொத்தங்களே நீங்கும். ஒன்பதாவது மொத்தம் 221-ஆம் வரியில் இருப்பதாலும், 221-ஐ 26-ஆல் வகுத்தால் மீதி 13 வருவதாலும், அது ஒரு சாகுபடிதாரரைப் போலப் பட்டியலில் தங்கிவிடும். கடைசிப் பக்கத்தைத் தனியே பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இதனினும் பெரிய கேடு வேறொன்று. மூன்றாம் பக்கத்தில் உட்பிரிவு செய்யப்பட்ட ஒரு புல எண்ணுக்காக ஒரு பெயர் பின்னால் சேர்க்கப்பட்டு, அப்பக்கத்தில் மட்டும் 26 பெயர்கள் இருக்குமாயின், அதன் மொத்தம் 78-ஆம் வரிக்குப் பதில் 79-ஆம் வரிக்குத் தள்ளப்படும். அடுத்த பக்கங்களின் மொத்தங்களும் ஒவ்வொரு வரி தள்ளியே நிற்கும். அப்பொழுது 26, 52 ஆகிய வரிகளில் மட்டும் விதி பக்க மொத்தத்தைச் சரியாக நீக்கும். 78, 104, 130, 156, 182, 208 ஆகிய ஆறு வரிகளிலும் அது நீக்குவது குடியானவரின் பெயரையே. பட்டியலில் இருக்கவேண்டிய பெயர்கள் 213. விதிப்படி செய்தபின் மிஞ்சும் வரிகளோ 214. எண்ணிக்கை ஏறக்குறையப் பொருந்துவதால் யாரும் ஐயுறமாட்டார். ஆனால் ஆறு குடும்பங்கள் பட்டியலில் இல்லை. ஏழு பக்க மொத்தங்கள் அவர்களுடைய இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்பட்டியலைக் கொண்டு வெள்ள நிவாரணம் வழங்கப்பட்டால், உரியவர் வந்து முறையிட்ட பின்னரே பிழை வெளிப்படும்.

இதைத் தடுக்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, பிரிப்பதற்கு முன் மீதி 0 உள்ள வரிகளை மட்டும் காட்டச் செய்து, பெயர்க் கலத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசிக்க. எல்லா வரிகளிலும் பக்க மொத்தம் என்றே இருக்கவேண்டும். ஒரு மனிதரின் பெயர் கண்ணில் பட்டால் விதி பிசகியது என்று அறிக. இரண்டாவது, நீக்குவதற்கு முன் பரப்புக் கலத்தின் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்க. பக்க மொத்தங்கள் யாவும் நீங்கியபின் அது சரிபாதியாக வேண்டும். ஒரு சென்ட் வேறுபட்டாலும் நிறுத்திக் காரணம் தேடுக.

வேண்டாத வரியில் பக்க மொத்தம் என்பது போன்ற ஒரு சொல் தவறாமல் இருக்குமாயின், எண்ணிக்கையை விட்டு அச்சொல்லைக் கொண்டே வடிகட்டுதல் இன்னும் பத்திரமானது. வெற்று வரிகளையும் அப்படியே வெறுமையைக் கொண்டு வடிகட்டலாம். இடைவெளி விதி, வரியின் உள்ளே அடையாளம் ஏதும் இல்லாதபொழுது மட்டும் கையாளத்தக்கது.

மழை அளவு: கழிக்கலாகாது, கூட்ட வேண்டும்

கருவிப் பதிவுகளை மெலிப்பதற்கு முன் அப்பதிவு எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிதல் அவசியம். நீர்மட்டம், வெப்பம், மண்ணின் ஈரம் ஆகியவை அந்த நேரத்து நிலையைக் கூறுபவை. மழை, இறைத்த நீர், கறந்த பால் ஆகியவை அந்த இடைவேளையில் சேர்ந்த அளவைக் கூறுபவை. முன்னதில் சில வரிகளை விட்டால் விவரம் குறையுமே ஒழியப் பொய் ஆகாது. பின்னதில் ஒரு வரியை விட்டாலும் பொருளே தொலைந்துவிடும்.

உதாரணமாக, ஒரு மணி நேரத்தில் நான்கு பதிவுகளில் முறையே 0, 6.5, 11.0, 1.5 மில்லிமீட்டர் மழை பதிவாகியது என்போம். மொத்தம் 19 மில்லிமீட்டர். நான்காவது வரியை மட்டும் வைத்தால் 1.5 மில்லிமீட்டரே மிஞ்சும். 17.5 மில்லிமீட்டர் கணக்கிலிருந்து மறையும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 4,047 லிட்டர் நீராகும். ஆகவே மறைந்தது ஏக்கருக்கு எழுபதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீர். அக்கணக்கை நம்பி மீண்டும் நீர் பாய்ச்சினால் மேலுரம் கரைந்து வீணாகும். நீர் தேங்கும் நிலத்தில் வேர் அழுகும்.

இங்கு மீதிக்குப் பதில் ஈவு உதவுகிறது. வரிசை எண்ணிலிருந்து 1 கழித்து 4-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு முழு எண்ணை மட்டும் எடுத்தால், முதல் நான்கு வரிகளுக்கு 0-உம், அடுத்த நான்குக்கு 1-உம், அதற்கடுத்த நான்குக்கு 2-உம் கிடைக்கும். ஐ, என், டி என்னும் எழுத்துக்களாலான சார்பு பின்னத்தை நீக்கித் தரும். அதன்பின் எஸ், யு, எம், ஐ, எஃப் என்னும் எழுத்துக்களாலான சார்பைக் கொண்டு ஒரே ஈவு உள்ள வரிகளின் மழையைக் கூட்டிப் புதிய தாளில் எழுதலாம். எதை வைத்துக்கொள்வது என்பதை மீதி சொல்லும்; எதனோடு எதைச் சேர்ப்பது என்பதை ஈவு சொல்லும்.

நாள் மழை வேண்டுவோர் 4-க்குப் பதில் 96 என்று இடுக. நம் நாட்டில் நாள் மழை காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுவதால், முதல் வரி காலை 8.45 மணிப் பதிவாக இருக்கும்படி தொடங்குதல் வேண்டும். செய்து முடித்தபின் பழைய தாளின் மாத மழையும் புதிய தாளின் மாத மழையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒத்துப் பார்க்க.

மின்சாரம் நின்றோ மின்கலம் தீர்ந்தோ கருவி சில பதிவுகளை விட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வரியின் நேரத்திலிருந்தும் அதற்கு முந்திய வரியின் நேரத்தைக் கழித்து ஒரு தனிக் கலத்தில் எழுதிப் பார்க்க. எங்கும் 15 நிமிடமே வருமாயின் எண்ணி நீக்கலாம். ஓரிடத்தில் 45 நிமிடம் வந்தால் இரண்டு வரிகள் குறைகின்றன என்று பொருள். அவ்விடத்தில் நேரத்துடன் இரண்டு வெற்றுப் பதிவுகளை நுழைத்து, வரிசை எண்ணை மறுபடியும் இட்ட பிறகே மேற்கொண்டு செல்லவேண்டும்.

இடைவெளியும் சுழற்சியும்

நிலையைக் கூறும் பதிவுகளிலும் ஓர் ஆபத்து உண்டு. நாம் எடுக்கும் இடைவெளி இயற்கையின் அல்லது வேலையின் சுழற்சியோடு பொருந்திவிட்டால், மிஞ்சிய வரிகள் ஒரு பக்கக் கதையையே சொல்லும்.

இதை வயலில் வைத்தே விளக்கலாம். புகையானைத் தடுக்க நெல் வயலில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுகிறோம். பட்டத்தின் ஓரத்திலுள்ள குத்துகளுக்கு வெளிச்சமும் காற்றும் கூடுதலாகக் கிடைப்பதால் தூர்கள் அதிகமாக இருக்கும். அவ்வயலில் பட்டத்திலிருந்து பட்டத்துக்கு உள்ள தூரத்தையே இடைவெளியாகக் கொண்டு ஓரத்திலிருந்து மாதிரிக் குத்துகளை எடுத்துக்கொண்டு போனால், எடுத்தவை எல்லாம் ஓரக் குத்துகளாகவே இருக்கும். அதைக் கொண்டு மதிப்பிட்ட மகசூல் களத்துமேட்டில் வந்து சேராது.

விரிதாளிலும் அப்படியே. மணிக்கு ஒரு முறை பதிந்த கிணற்று நீர்மட்டத்தில் 24 வரிக்கு ஒன்றை வைத்தால், நாள்தோறும் ஒரே மணியின் அளவே மிஞ்சும். அது மோட்டார் ஓடி முடியும் நேரமாயின் கிணறு எப்பொழுதும் வற்றியிருப்பதாகத் தோன்றும். இறைப்பதற்கு முன் நீர் ஊறி நிற்கும் நேரத்தைத் தெரிந்தெடுத்தால் நிலத்தடி நீரின் உண்மை நிலை விளங்கும். ஆகவே எந்த மீதியை வைத்துக்கொள்வது என்பதை மனம்போனபடி முடிவு செய்யாமல், அது எந்த மணிக்கு உரியது என்று அறிந்து முடிவு செய்க. நாள்தோறும் எழுதிய சந்தை விலையில் ஏழு வரிக்கு ஒன்றை வைப்பதும் இத்தகையதே. வாரச் சந்தை கூடும் நாளின் விலை மட்டும் மிஞ்சலாம், அல்லது அந்நாள் விலை அறவே விட்டுப்போகலாம். வெப்பப் பதிவில் காலை 8 மணி வரிகளை மட்டும் வைத்தவருக்குப் பிற்பகலின் உச்ச வெப்பம் தெரியாமலே போகும். அங்கு ஒவ்வொரு நாளுக்கும் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் எடுத்தெழுதுவதே முறை.

அறியாமல் மறையும் வரிகள்

நாமாக நீக்காமலே வரிகள் மறைவதும் உண்டு. எக்ஸெல் என்னும் விரிதாளின் பழைய வகைக் கோப்பில் 65,536 வரிகளே அடங்கும். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 10,48,576 வரிகள் அடங்குகின்றன. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா நோய்ப் பரிசோதனை முடிவுகளைப் பழைய வகைக் கோப்பில் ஏற்றியபொழுது, அதன் எல்லைக்கு மேற்பட்ட வரிகள் விடுபட்டுப் போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரைக்கு உரிய 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் அதனால் தாமதித்தது. 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு செய்யும் நம் கருவியின் கணக்கும் இரண்டாண்டில் 70,000 வரிகளைத் தாண்டிவிடும். ஆதலால் பழைய வகைக் கோப்பில் அதை வைத்தல் கூடாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. அசலைத் தொடாதீர், பிரதியில் வேலை செய்க.
2. நீக்குவதற்கு முன் வரிகளின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் ஒரு தாளில் குறித்து வைக்க.
3. நிலையான வரிசை எண் இட்ட பிறகே மீதி காண்க.
4. இடைவெளி தொடக்கம் முதல் இறுதி வரை மாறாதிருக்கிறதா என்று சோதிக்க. கடைசிப் பக்கத்தைத் தனியே பார்க்க.
5. நீக்கப்படப் போகும் வரிகளை ஒருமுறையேனும் கண்ணால் வாசிக்க.
6. சேரும் அளவுகளைக் கூட்டுக; நிலை அளவுகளை மட்டும் மெலிக்க.
7. எத்தனை வரிக்கு ஒன்று எடுக்கப்பட்டது, எந்த நாளில், யாரால் என்று புதிய தாளின் தலைப்பில் எழுதுக.

ஏழாவது குறிப்பை அநேகர் விட்டுவிடுகின்றனர். மெலித்த கணக்கைப் பின்னால் பார்ப்பவர் அதையே முழுக் கணக்கென்று எண்ண இடந்தரலாகாது. குடியானவர்களும், தம் பெயர் உள்ள பட்டியல் கிராமத்தில் பார்வைக்கு வைக்கப்படும்பொழுது, பெயரும் புல எண்ணும் பரப்பும் சரியாக உள்ளனவா என்று நேரில் கண்டு, விடுதல் இருப்பின் குறித்த தவணைக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.